பெட்டிகளும் பொத்தான்களும் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரையொன்றில், 1980களில் அமெரிக்காவின் லத்தீன் இளைஞர்கள் மின்கருவிகளில் உருவாக்கிய லத்தீன் ஃப்ரீஸ்டைல் நடன இசையைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப்பிடித்து ஏழெட்டுப் பாடல்கள் கேட்டேன். ஏமாற்றமே மிஞ்சியது. எல்லாம் இயந்திரச் சத்தம். பாடுகிறவர்களிடம் பயிற்சி இல்லை. காதல் போயிற்று என்ற ஒரே அழுகை. கியூப வேர்கொண்ட சால்சா நடன இசை போன்ற பெரிய மரபைக் கையில் வைத்திருந்தவர்கள் அதை விட்டுவிட்டுப் பொத்தான்களை அழுத்தப் போனது சரிவுதானே? இது பிறந்தது நியூயார்க்கிலா மயாமியிலா? எந்தப் பாடலில் தொடங்கிக் கேட்டிருக்க வேண்டும்?

க., ஈரோடு

அன்புள்ள க.,

ஷானன் பாடிய 'லெட் த மியூசிக் ப்ளே'யில் தொடங்குங்கள். கிறிஸ் பார்போசாவும் மார்க் லிகெட்டும் தயாரித்து 1983இல் வந்த பாடல் அது. நியூயார்க்கா மயாமியா என்ற வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. டெபி டெப் பாடிய 'வென் ஐ ஹியர் மியூசிக்' அதே ஆண்டில் மயாமியிலிருந்து வந்துவிட்டது. பயிற்சியில்லாத குரல் என்ற குறையையும் விட்டுவிடுகிறேன். பதினேழு வயதின் துயரத்தைப் பதினேழு வயதுக் குரல்தான் பாட வேண்டும்.

ஆனால் 'பொத்தான்களை அழுத்தப் போனார்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் கடந்து போக முடியவில்லை. சென்ற மாதம் வீடு மாற்றுவதற்காக அட்டைப்பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தபோது இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1988 குளிர்காலத்தில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஒரு துணிக்கிடங்கில் பெட்டி கட்டும் வேலை பார்த்தேன். எனக்கு எதிரே நின்று வேலை செய்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். பிராங்க்ஸில் வளர்ந்தவள், பெற்றோர் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து வந்தவர்கள். அலமாரியின் மேலிருந்த வானொலியில் நோயல் பாடிய 'சைலண்ட் மார்னிங்' ஓடிக்கொண்டிருந்தது. இன்று நீங்கள் எழுதியிருப்பதை அன்று நான் அவளிடம் சொன்னேன்: வெறும் இயந்திரம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த ஒட்டுநாடாக் கருவியின் கைப்பிடியால், மூடிய பெட்டியின் மேல் பாடலோடு சேர்த்துத் தட்டினாள். மூன்று தட்டு, சிறு இடைவெளி, இரண்டு தட்டு. மீண்டும் மூன்று, மீண்டும் இரண்டு. சால்சாவுக்கு முதுகெலும்பான கிளாவே தாளம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கா முரசு வாசிக்கும் தன் அப்பாவும் என்னைப் போலவேதான் சொல்வார் என்றும், அவர் முன்னால் இப்படித் தட்டிக் காட்டியபோது அறையை விட்டு எழுந்து போய்விட்டார் என்றும் சொன்னாள்.

நீங்கள் இகழும் அந்த இயந்திரத்தை ஒருமுறையாவது பார்த்திருக்கிறீர்களா? ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டி.ஆர்-808 என்ற தாள இயந்திரம். அதன் அடிப்பகுதியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை நிறங்களில் 16 பொத்தான்கள் ஒரே வரிசையில், தாளச் சுற்றின் ஒவ்வொரு பங்குக்கும் ஒன்றாக இருக்கும். அது எழுப்பும் ஒலிகளில் காங்காவும், தாளத்தின் பெயரையே கொண்ட கிளாவே தட்டுக்கோல்களும், மரக்காஸ் கிலுகிலுப்பையும், மாட்டுமணியும் உண்டு. அந்த வரிசையில் 1, 4, 7, 11, 13 ஆகிய பொத்தான்களை அழுத்தினால், கிடங்கில் அவள் பெட்டியில் தட்டிய அதே தாளம் வரும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை இயந்திரம் முடிவு செய்வதில்லை. வீட்டில் கேட்டு வளர்ந்த காதுதான் முடிவு செய்கிறது. எல்லாப் பாடலிலும் கிளாவே அப்படியே ஒலிக்காது. பேஸும் சின்தசைசரும் அதைச் சுற்றி முன்னும் பின்னுமாகச் சாய்ந்துகொண்டே இருக்கும். நியூயார்க் டி.ஜே. ஆப்பிரிக்கா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' பாடல் 1982இல் ஜெர்மானிய க்ராஃப்ட்வெர்க் குழுவின் மெட்டை 808இன் தாளத்தோடு சேர்த்தபோது திறந்த வழியில்தான் இந்தப் பிள்ளைகளும் போனார்கள், ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. லத்தீன் ராஸ்கல்ஸ் என்று பெயர் பெற்ற ஆல்பர்ட் கப்ரேராவும் டோனி மோரனும் ஒலிநாடாவைப் பிளேடால் துண்டு துண்டாக வெட்டி ஒட்டித்தான் அந்தத் திக்கித் திக்கி வரும் ஒலியை உண்டாக்கினார்கள். அதைக் கைவேலை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வீர்கள்?

மரபு என்றால் மரமும் தோலும்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது? சால்சாவின் மூதாதையான கியூப ரும்பாவை வாசித்த துறைமுகத் தொழிலாளர்களிடம் எல்லா வேளையிலும் முரசு இருந்துவிடவில்லை. உப்பிட்ட காட் மீன் வந்திறங்கிய மரப்பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் அறைந்தார்கள். அந்தப் பெட்டிதான் 'காஹோன்' என்ற வாத்தியமாயிற்று. சரக்குப்பெட்டியில் மரபு குடியிருக்கலாம் என்றால், விலை மலிந்து பழைய சாமான் கடைக்கு வந்துவிட்ட மின்பெட்டியில் குடியிருக்கக் கூடாதா? கிடைத்த பெட்டியைத் தட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் கிடைத்த பெட்டியைத் தட்டினார்கள். இதில் நீங்கள் சரிவைக் காண்பது உங்கள் காதின் குற்றமல்ல. கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்ட அவசரம்தான். உங்கள் வயதில் எனக்கும் அது இருந்தது, அதனால்தான் உரிமையோடு கடிந்துகொள்கிறேன்.

அழுகையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அன்று பாட்டு முடியும்வரை அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. கண் கலங்கியிருந்தது, தோள்கள் ஆடிக்கொண்டிருந்தன. 'சைலண்ட் மார்னிங்'கை இன்றிரவு மறுபடி போடுங்கள். மேசையில் விரலை வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று, பிறகு இரண்டு.

அன்புடன்