தினமும் ஐம்பது ரீசனிங் கேள்வி போட்டும் மதிப்பெண் ஏறவில்லையே?

கேள்வி: பி.எஸ்சி. முடித்துவிட்டு, தக்கலை பக்கம் ஒரு முந்திரி ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். டிஎன்பிஎஸ்சி குரூப் 4, வங்கி கிளார்க் இரண்டுக்கும் சேர்த்துப் படிக்கிறேன். தினமும் இரவு ஐம்பது ரீசனிங் (தர்க்க அறிவு) கேள்வி போடுகிறேன். வீட்டில் போடும்போது பெரும்பாலும் சரியாக வருகிறது. மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எழுதினால் பாதிகூடத் தேறுவதில்லை. கேள்விகளை இன்னும் கூட்டவா சார், இல்லை ஷார்ட்கட் வகுப்பில் சேரவா?

பதில்: கூட்ட வேண்டாம், இருபதாகக் குறையுங்கள். ஷார்ட்கட் வகுப்பும் இப்போதைக்கு வேண்டாம்.

வீட்டில் ஒரு கேள்வி பிடிபடாவிட்டால் என்ன செய்கிறீர்கள்? அநேகம் பேர் இரண்டு நிமிடம் பார்ப்பார்கள், பின்பக்கம் புரட்டி விளக்கத்தைப் படிப்பார்கள், ‘அட, இவ்வளவுதானா’ என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். விளக்கம் புரிந்ததையே கேள்வியைப் போட்டதாக மனசு எண்ணிக்கொள்கிறது. வீட்டில் ‘சரியாக வருவதில்’ எத்தனை அப்படி வந்தவை என்று ஒரு வாரம் கறாராகக் குறித்துப் பாருங்கள்.

இனிமேல் விடை எது என்று மட்டும் பாருங்கள், விளக்கத்தைப் பார்க்காதீர்கள். சரியான விடை மூன்றாவது என்று தெரிந்த பிறகு, அது எப்படி வந்தது என்று நீங்களே தேடுங்கள். அப்படியும் வராவிட்டால் விளக்கத்தைப் படித்து, புத்தகத்தை மூடிவைத்து, வெள்ளைத்தாளில் முதலிலிருந்து போடுங்கள். அதே கேள்வியை நாலைந்து நாள் கழித்து இன்னொரு தடவை போடுங்கள். தவறிய கேள்விகளுக்குத் தனி நோட்டு வைத்து, பக்கத்திலேயே காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்: ‘இடம் வலம் மாறியது’, ‘கேள்வியில் இருந்த “இல்லை” என்ற சொல்லைக் கவனிக்கவில்லை’ என்கிற மாதிரி. ‘கவனக்குறைவு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அந்த நோட்டால் பயனில்லை.

அப்புறம், நீங்கள் எழுதும் இரண்டு தேர்வும் ஒன்றல்ல. குரூப் 4-ல் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் திறனறிவு 25 கேள்விதான். அதிலும் சதவீதம், வட்டி, பரப்பளவு, நேரமும் வேலையும் என்று கணக்குதான் முக்கியம்; ரீசனிங் என்று பார்த்தால் புதிர், பகடை, படம், எண் தொடர், எழுத்தும் எண்ணும் கலந்தவை. நெகட்டிவ் மார்க் கிடையாது. வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் மட்டுமே 35 கேள்வி, அதற்கு 20 நிமிடம். ஒரு கேள்விக்கு 34 வினாடிதான் வருகிறது. ஒவ்வொரு தவறுக்கும் கால் மதிப்பெண் போகும். ஒரே நாளில் இரண்டையும் கலந்து போட்டால் எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்ற கணிப்பே வராது. நாள் விட்டு நாள் பிரித்துக்கொள்ளுங்கள்.

வங்கித் தேர்வில் ஆளைக் கவிழ்ப்பது வரிசையில் உட்காரவைக்கும் புதிர்தான். சின்னதாக ஒன்று போட்டுப் பார்ப்போம். வடசேரி பஸ் நிலையத்தில் ஒரு பெஞ்சில் ஐந்து பேர் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கத்துக்கு வலப்புறம் இரண்டாவதாக ராஜன். பீர், ராஜனுக்குப் பக்கத்தில் இல்லை. செல்வி நட்டநடுவில். மிச்சமுள்ள ஆள் மேரி. யார் எங்கே?

முதல் வரியிலிருந்தே தொடங்கினால் தங்கமும் ராஜனும் 1-3, 2-4, 3-5 என்று மூன்று விதமாக உட்காரலாம். மூன்று படம் வரைய வேண்டும், அங்கேதான் நேரம் போகிறது. செல்வியிலிருந்து தொடங்குங்கள். அவள் 3-ல் உட்கார்ந்ததுமே முதல் வழியும் மூன்றாம் வழியும் அடிபட்டுப்போகும். தங்கம் 2, ராஜன் 4. மிச்சம் இரண்டு ஓரங்கள். 5 ராஜனுக்குப் பக்கத்து இடம், அங்கே பீர் உட்கார முடியாது. ஆக பீர் 1, மேரி 5. ஒரே படம், அழிக்கவே வேண்டியதில்லை.

கேள்வி தருபவர் பல நேரம் உறுதியான வரியை வேண்டுமென்றே கடைசியில் வைப்பார். எனவே பேனாவை எடுப்பதற்கு முன் எல்லா வரிகளையும் ஒருமுறை வாசித்து, ‘நடுவில்’, ‘ஓரத்தில்’, ‘இடமிருந்து இரண்டாவது’ மாதிரி அசைக்க முடியாத வரி எது என்று பாருங்கள். ‘பக்கத்தில் இல்லை’ வகை வரிகள் இடத்தைத் தராது, விலக்க மட்டுமே உதவும், அவை கடைசியில் வரட்டும். இதே ஐவர் தெற்குப் பார்த்து உட்கார்ந்தால் அவர்களுடைய வலம் உங்கள் தாளில் இடப்பக்கம். பக்கத்திலேயே ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். மனசில் திருப்பிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

சிலாஜிசத்தில், அதாவது கொடுத்த கூற்றுகளிலிருந்து ஒரு முடிவு வருமா என்று கேட்கும் கேள்வியில், வேறு தொல்லை. எல்லா வள்ளங்களும் படகுகள், சில படகுகள் பழையவை. ஆகவே சில வள்ளங்கள் பழையவை. இந்த முடிவு சரியா? குளச்சல், முட்டம் பக்கத்துப் பிள்ளைகள் ‘சரி’ என்று டக்கென்று சொல்லிவிடுவார்கள், கரையில் பழைய வள்ளம் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆனால் கேள்வி கரையைப் பற்றியது அல்ல. படகு என்று ஒரு பெரிய வட்டம் போட்டு, உள்ளே வள்ளம் என்று ஒரு சின்ன வட்டம் போடுங்கள். ‘பழையவை’ வட்டம் வள்ளத்தைத் தொடாமலே பெரிய வட்டத்துக்குள் நுழைய முடிகிறது. தொடாத படம் ஒன்று வரைய முடிந்தாலே முடிவு தவறு. ‘சில வள்ளங்கள் பழையவையாக இருக்க வாய்ப்புண்டு’ என்று கேட்டிருந்தால் சரி, தொடும் படமும் வரைய முடிகிறதே.

பகடைக்கு முதலில் ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு படத்திலும் இரண்டு எண்கள் பொதுவாக இருந்தால், மிச்சமுள்ள இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்கள். 1, 2, 3 தெரிகிற படமும் 1, 2, 5 தெரிகிற படமும் கொடுத்தால் 3-க்கு எதிரே 5. நம்பிக்கை வராவிட்டால் காலி சோப்பு டப்பாவில் எண் எழுதித் திருப்பிப் பாருங்கள்.

ஷார்ட்கட்டை ஏன் இப்போது வேண்டாம் என்றேன்? 1956 நவம்பர் 1, குமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்த நாள். அன்று என்ன கிழமை? மாதத்துக்கு ஒரு எண், நூற்றாண்டுக்கு ஒரு எண் என்று மனப்பாடம் செய்யவைக்கும் ஷார்ட்கட் உண்டு. தேர்வு அறையில் ஒரு எண் மறந்தால் எல்லாம் போச்சு. நீள வழியில், ஏழால் வகுத்து மிஞ்சும் நாளை மட்டும் எண்ணுவோம். சாதாரண ஆண்டுக்கு மிச்சம் 1, லீப் ஆண்டுக்கு 2. முதல் 1600 ஆண்டுக்கு மிச்சம் 0. அடுத்த 300 ஆண்டுக்கு 1. 1901 முதல் 1955 வரை 55 ஆண்டு, அதில் லீப் ஆண்டு 13, கூட்டினால் 68, மிச்சம் 5. 1956 லீப் ஆண்டு, ஜனவரி முதல் அக்டோபர் முடிய 305 நாள், மிச்சம் 4. நவம்பரில் 1. மொத்தம் 11, அதில் ஏழு போனால் 4. ஞாயிறை 0 என்று வைத்தால் 4 வியாழன். இதைப் பத்துத் தேதிக்குப் போட்டுப் பழகியவருக்கு ஷார்ட்கட் லாபம். பழகாதவருக்கு அது இன்னொரு மனப்பாடப் பாடம்தான்.

மாக் டெஸ்ட் விஷயம். வாரம் ஒன்று போதும், ஆனால் எழுதிய நேரத்தைவிடக் கூடுதல் நேரம் அதை அலசுவதற்குக் கொடுங்கள். வங்கித் தேர்வுக்கான 20 நிமிடத்தில் முதலில் எழுத்துத் தொடர், பெரிது-சிறிது குறிகள், திசை, சிலாஜிசம் ஆகியவற்றை முடியுங்கள். புதிர்களுக்கு அப்புறம் வாருங்கள். ஒரு நிமிடத்தில் ஒரு ஆளைக்கூட உறுதியாக உட்காரவைக்க முடியாத புதிரை விட்டுவிடுங்கள். ‘இவ்வளவு தூரம் போட்டுவிட்டோமே’ என்று அதையே பிடித்துத் தொங்குவதால்தான் உங்களுக்குப் பாதி கேள்வி பார்க்காமலே நின்றுபோகிறது என்று சந்தேகிக்கிறேன். அடுத்த டெஸ்டில் எத்தனை கேள்வி தவறியது, எத்தனை கேள்வியைத் தொடவே இல்லை என்று தனித்தனியாக எண்ணுங்கள். தொடாதவை அதிகம் என்றால் பயிற்சி வேண்டியது கேள்வியை விடுவதற்கு.

காசு கொடுத்து வகுப்பில் சேரும் முன், நாகர்கோவில் கோணத்திலுள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கே தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் இலவச வகுப்புகள் நடத்துவார்கள். வேலை நாளில் போக முடியாது என்றால், மாதிரித் தேர்வுக்கு மட்டும் வந்து எழுத முடியுமா என்று விசாரியுங்கள்.