சிந்துவெளி எழுத்தை இன்னும் படிக்க முடியவில்லையே, அதில் ரசிக்க என்ன இருக்கிறது?

நிறையவே. பொருள் தெரியாமலேயே எவ்வளவு கண்டுபிடிக்க முடிகிறது என்பதுதான் சுவை. எழுதிய திசையையே எடுத்துக்கொள்ளுங்கள். சில முத்திரைகளைக் களிமண்ணில் அழுத்தினால் கிடைக்கும் அச்சில், வலப்பக்கம் குறிகள் தாராளமாக இடம்விட்டு நிற்கும்; இட ஓரத்தில் இடம் போதாமல் நெருக்கியடித்துக் கிடக்கும். ஆக, எழுதியவர் வலப்பக்கம் தொடங்கியிருக்கிறார்! முத்திரைக் கல்லில் கண்ணாடிப் பிம்பம்போலச் செதுக்கியிருப்பதால், கல்லையே பார்த்தால் இடமிருந்து வலமாக எழுதியதுபோலத் தெரியும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். அச்சைப் பாருங்கள்.

கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவனின் 1977 சிந்துவெளி வாசகத் தொகுப்பில் 417 குறிகள். அதில் ஜாடி போன்ற குறி பெரும்பாலும் வாசகத்தின் கடைசியில் வரும். விகுதியாக இருக்கலாம் என்பது ஊகம்தான்.

வாசகத்துக்குச் சராசரியாக ஐந்து குறிகள், ஒரே செய்தியைத் தெரிந்த மொழியிலும் சேர்த்துச் சொல்லும் இருமொழிக் கல்வெட்டும் இல்லை. அதனால் எந்த மொழியை வைத்தும் ஏதோவொரு வாசிப்பைக் கட்டிவிடலாம். யாராவது ‘படித்துவிட்டேன்’ என்றால், ஒரே குறிக்கு எல்லா முத்திரையிலும் ஒரே மதிப்பு கொடுத்திருக்கிறாரா என்று சரிபாருங்கள். பெரும்பாலானவை அங்கேயே உதிர்ந்துவிடும். இந்த எழுத்தைப் படித்துக் காட்டுவதற்குத் தமிழக அரசு 2025 ஜனவரியில் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தபின், இந்தச் சோதனைக்கு வேலை இன்னும் கூடியிருக்கிறது.