கருவாடு கான்சரா? இரைப்பை பற்றி வந்த கேள்விகள்

வாப்பாவுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. கருவாடு கான்சர் எண்டு பேஸ்புக்கில வருது. நிப்பாட்டச் சொல்லவா? (கிண்ணியா)

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சீன முறையில் உப்பிட்ட மீனைப் புற்றுநோய்க் காரணிகளின் 1ஆம் வகுப்பில் (மனிதருக்குப் புற்று தரும் என்று உறுதியானவை) வைத்திருப்பது உண்மை. ஆனால் அது மூக்குக்குப் பின்னால் தொண்டையில் வரும் புற்றுநோய்க்காக. இரைப்பைக்கு வினை மீனில்லை, உப்பு. மிகுந்த உப்பு இரைப்பையின் சளிப்படலத்தைக் கெடுக்கும். அங்கே ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் குடியிருந்தால் அழற்சியாகி, பல ஆண்டுகளில் அந்தப் படலம் மெலிந்து, சிலருக்குப் புற்றாக மாறும். 1994இலேயே 1ஆம் வகுப்பில் சேர்க்கப்பட்ட கிருமி அது.

வாப்பா விடத் தேவையில்லை, குறைக்கட்டும். கருவாட்டைச் சுடுதண்ணியில் ஊறவிட்டு அந்தத் தண்ணியைக் கொட்டுங்கள். கறிக்கு வேறு உப்புப் போடாதீர்கள். (எங்கள் வீட்டில் இதுதான் சண்டை.) மொத்த உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், ஊறுகாயும் மாசிச் சம்பலும் அடக்கம்.

மகனுக்குப் பள்ளிக்கூடத்துக்கு சொசேஜ் கட்டிக் குடுக்கிறன். கூடாதா? (உப்புவெளி)

தினமும் வேண்டாம். அதில் சேர்க்கும் நைட்ரைட், வயிற்று அமிலத்தில் புரதச் சிதைவுகளோடு கூடி, புற்று உண்டாக்கக்கூடிய நைட்ரோசமீன் ஆகும். பதப்படுத்திய இறைச்சி 2015இல் 1ஆம் வகுப்புக்குப் போனது பெருங்குடலுக்காக. இரைப்பையோடும் தொடர்பு தெரிகிறது. உடம்பில் நைட்ரைட்டாக மாறும் நைட்ரேட் கீரையிலும் உண்டே என்பீர்கள். கீரையோடு விற்றமின் சியும் வருகிறது, அது இந்தச் சேர்க்கையைத் தடுக்கும். அதற்காக சொசேஜில் தேசிக்காய் பிழிந்தால் சரி என்று நினைக்க வேண்டாம்.

வெங்காயத் தோட்டத்துக்குப் பக்கத்தில கிணறு. கொதிக்க வைச்சுக் குடிச்சால் போதும்தானே? (நிலாவெளி)

கிருமிக்குப் போதும். உரத்தால் வரும் நைட்ரேட் கொதித்தாலும் போகாது. தண்ணி வற்ற வற்ற செறிவு கூடும். ஆய்வுகூடத்தில் சோதியுங்கள், எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். மாப்பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால் இன்றே தண்ணியை மாற்றுங்கள்.

பச்சை மிளகாய்ச் சம்பல்?

நெஞ்செரிவு வரும். புற்றுநோய்க்கு ஆதாரம் உறுதியில்லை.

வயது 58. காஸ்ரைட்டிஸ் எண்டு இரண்டு வருசமா பார்மசியில ஒமெப்ரசோல் வாங்கிப் போடுறன். சாப்பாட்டை மாத்தினால் போதுமா? (மூதூர்)

போதாது. ஒமெப்ரசோல் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் குளிசை. அது வலியை அடக்கிவிடும், உள்ளே நடப்பது தெரியாது. டாக்டரிடம் போய் மேலே சொன்ன ஹெலிகோபாக்டர் கிருமிப் பரிசோதனையும் எண்டொஸ்கோபியும் (கமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) பற்றிக் கேளுங்கள். ஒமெப்ரசோல் போடுவதைச் சொல்லுங்கள், சில கிருமிப் பரிசோதனைகளில் அது பிழையான முடிவு காட்டும். உடம்பு மெலிந்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காதீர்கள். இரும்புச்சத்துக் குளிசைக்கும் மலம் கறுக்கும், அதைப் போட்டால் அதையும் சொல்லிவிடுங்கள்.