புட் ஆஃப் பத்தி கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

தர்மபுரியில பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர்றேன், இன்னைக்கு புட் ஆஃப் மட்டும்தான். கேட்டவங்க பேருக்குப் பதிலா ஊரைப் போட்டிருக்கேன்.

பாலக்கோடு: சார், புட்னா வை, ஆஃப்னா அணை. சேர்த்தா எப்படி தள்ளிப்போடுறதாகும்?

பிரிச்சுப் பாக்காதீங்க. நம்ம தமிழ்லயே தள்ளிப்போடுன்னா நாள் கடத்துறது, அதே ரெண்டு சொல்லை மாத்தி போட்டுத்தள்ளுன்னா ஆளையே முடிச்சுடுறது, தள்ளும் போடும் தனித்தனியா தெரிஞ்சவனுக்கு இது புரியுமா? ஒகேனக்கல்ல தண்ணி ஜாஸ்தியாகி பரிசலை நிறுத்திட்டாங்க, டூரை அடுத்த வாரம் வெச்சுக்கிட்டோம்னா 'வீ புட் ஆஃப் தி டிரிப்'. இட் வந்தா நடுவுலதான் வரணும், 'புட் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்' தப்பு தப்பு தப்பு. அப்புறம் 'புட் ஆஃப் கோயிங்'னு ஐஎன்ஜி போடணும், 'டு கோ' வராது.

காவேரிப்பட்டணம்: 'தி ஸ்மெல் புட் மீ ஆஃப்'ங்கறாங்களே, வாசனை எதைத் தள்ளிப்போடும்?

மாங்கூழ் ஃபேக்டரி வாசல்ல லோடு வண்டி ரெண்டு நாள் வெயில்ல நின்னா அடியில இருக்கிற காய் அழுகி ஒரு வாடை வரும் பாருங்க, அதுக்கப்புறம் சோறு இறங்குமா? அதான். கொடுத்த காசைக் கேட்டா இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிக்கிறவனையும் 'ஹீ கீப்ஸ் புட்டிங் மீ ஆஃப்'னு சொல்லலாம்.

அரூர்: பாஸ்ட் டென்ஸ் புட்டட் ஆஃபா?

புட். எப்பவும் புட்தான்.

ஓசூர்: இதுக்கு எதிர், அதாவது தேதியை முன்னாடி கொண்டுவர்றது, பிரிபோன்தானே சார்? அதை எழுதினா மேனேஜர் திட்டுறார்.

அப்படி ஒண்ணும் தப்பான வார்த்தை இல்லைங்க. ஆனா வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு மெயில்னா 'பிரிங் ஃபார்வர்ட்' போடுங்க, அவங்க நிறைய பேருக்கு பிரிபோன் புரியாது.

தர்மபுரி: டிக்‌ஷனரியிலயே இல்லாததை வாத்தியாரே சரின்னா எப்படி?

ஆக்ஸ்ஃபோர்டைத் திறந்து பாருங்க, இந்திய வழக்குன்னு குறிச்சே போட்டிருக்கான். போஸ்ட்போன்ல இருக்கிற போன், லத்தீன்ல வைக்கிறதுன்னு அர்த்தம் உள்ள போனெரேல இருந்து வந்தது. பின்னாடி வைக்கிறது போஸ்ட்போன், முன்னாடி வைக்கிறது பிரிபோன், கணக்கு சரியாதானே இருக்கு? நம்மாளு புழங்கினா மட்டும் அது கொச்சையா? இதை நான் ஒத்துக்க மாட்டேன்.

தர்மபுரி: இருந்தாலும் பரீட்சையில மார்க் போட மாட்டாங்க சார்.

பரீட்சையில 'பிரிங் ஃபார்வர்ட்' எழுதுங்க. அது மார்க் விஷயம், மொழி விஷயம் வேற.

ஊத்தங்கரை: புட் ஆஃப்னா ரத்துதானே?

மூணாவது ஆளு கேக்குறீங்க. ரத்துன்னா கால் ஆஃப். என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் 'இன்டர்வியூ இஸ் புட் ஆஃப் டில் மண்டே'ன்னு மெசேஜ் பாத்துட்டு ரத்துன்னு நினைச்சு திங்கக்கிழமை போகவே இல்ல, வேலை போச்சு. தயவுசெஞ்சு டில்லுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு படிங்க.

பென்னாகரம்: புட் ஆஃப் மாதிரி 500 ஃப்ரேசல் வெர்ப் பிடிஎஃப் இருக்கா?

இல்ல. தினம் ஒண்ணை வெச்சு நாலு வாக்கியம் எழுதுங்க.

தேன்கனிக்கோட்டை: 'புட் ஆஃப் இட்' சரியா சார்?

மேல பாலக்கோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படிங்க.