மீட்டர் கணக்கீட்டாளர் வேலை: சம்பளத்தை எந்த ஊர்ச் செலவோடு வைத்துப் பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மின்னியல் பட்டயப் படிப்பை முடித்திருக்கும் தங்கள் மகனுக்கு, வீடுவீடாகப் போய் மீட்டரில் ஓடியிருக்கும் அளவைக் குறித்துவரும் மீட்டர் கணக்கீட்டாளர் வேலை இரண்டு இடங்களிலிருந்து வந்திருப்பதாகவும், வீட்டுக்கு அருகிலுள்ள சிறிய ஊரில் சம்பளம் குறைவு, தொலைவிலுள்ள பெருநகரத்தில் அதிகம் என்றும், எதற்கு ஒப்புக்கொள்வது என்று வீட்டில் நாள்தோறும் விவாதம் நடப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பெரிய தொகையைச் சொல்பவரிடம் போவதுதானே முறை என்று தங்கள் உறவினர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சம்பளம் என்பது ஓர் ஊரில் வாங்கி அதே ஊரில் பெரும்பகுதியைச் செலவழிக்கும் பணம். ஆகையால் அந்த ஊரின் செலவையும், அந்தச் செலவில் தங்கள் மகன் எப்படி வாழப்போகிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்த பிறகே இரண்டு தொகைகளையும் ஒப்பிட முடியும்.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக மட்டுமே இந்த எண்களை எடுத்துக்கொள்கிறேன். சிறிய ஊரில் மாதச் சம்பளம் 20,000 என்றும், பெருநகரத்தில் 26,000 என்றும் வைத்துக்கொள்வோம். சிறிய ஊரின் வாழ்க்கைச் செலவை 100 என்று கொண்டால் பெருநகரத்தின் செலவு 140 என்றும் கொள்வோம். பொதுவாகச் சொல்லப்படும் வழி, 26,000-ஐ 140-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குவது. விடை ஏறக்குறைய 18,570 வரும். அதாவது, பெருநகரத்தில் வாங்கும் 26,000 சிறிய ஊரில் வாங்கும் 18,570-க்குத்தான் சமம். பார்வைக்குப் பெரியதாக இருக்கும் சம்பளம் உண்மையில் சிறியது. பலர் இந்த இடத்திலேயே கணக்கை முடித்துக்கொண்டு, பெருநகரம் வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

நான் அங்கே நிறுத்த விரும்பவில்லை. அந்த வகுத்தல், சம்பளம் முழுவதும் அந்த ஊரிலேயே செலவாகிவிடும் என்று வைத்துக்கொண்டு செய்யப்படுவது. தங்கள் மகன் தனி ஆளாகச் சிறிய ஊரில் தங்கினால் 15,000 செலவாகும் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 5,000. அதே வாழ்க்கைக்குப் பெருநகரத்தில் 21,000 ஆகும். அங்கும் மிச்சம் 5,000-தான். நண்பர்கள் இருவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு அந்த 21,000-ஐ 18,000-ஆகக் குறைத்துவிட்டால் மிச்சம் 8,000 ஆகிறது. வீட்டுக்கு அனுப்பும் அந்த 8,000 தங்கள் ஊரின் விலையில் செலவாகும் பணம் என்பதால், பெருநகர விலைவாசி அதைத் தொடுவதே இல்லை. இப்போது குடும்பத்தோடு வாழ்வதாக வைத்து அதே கணக்கைப் போடுங்கள். சிறிய ஊரில் 19,000 செலவானால் 1,000 மிஞ்சுகிறது. பெருநகரத்தில் அந்தக் குடும்பத்துக்கு 26,600 தேவைப்படும், மாதந்தோறும் 600 கடன் வாங்க வேண்டியிருக்கும். வேலையும் சம்பளமும் மாறவில்லை, ஆனால் தனியாள் போனால் லாபமாகவும் குடும்பமாகப் போனால் நட்டமாகவும் முடிகிறது. மகனுக்கு இப்போது திருமணப் பேச்சு இல்லை என்று தாங்கள் எழுதியிருந்த ஒரு வரி, சம்பளத் தொகைகளைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அதனால்தான்.

வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண் என்று வெளியிடப்படுவது ஒரு சராசரிக் குடும்பத்தின் செலவை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். வருமானம் குறையக் குறைய உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் ஏங்கல் 1857-இல் எடுத்துக்காட்டியது இன்றைக்கும் பொருந்துகிறது. தொடக்கநிலைச் சம்பளக்காரரின் வருமானத்தில் வாடகையும் சாப்பாடும் போக்குவரத்துமே பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆகவே ஊரின் பொதுக் குறியீட்டெண்ணைப் பார்ப்பதைவிட, இந்த மூன்று செலவுகளையும் அந்த ஊரில் ஏற்கெனவே இதே வேலையில் இருக்கும் ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள்வது நம்பகமானது.

இனி, சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதற்கு வருகிறேன். பெற்றோர் பெரும்பாலும் கேட்காமல் விடுவது இதைத்தான். மின்சாரமோ குடிநீரோ எரிவாயுவோ வழங்கும் நிறுவனமே நேரடியாக வேலைக்கு எடுத்தால் பெரும்பாலும் மாதச் சம்பளம் இருக்கும். அதோடு படிகள், விடுப்பு, வருங்கால வைப்பு நிதி போன்றவையும் வர வாய்ப்புண்டு. ஒப்பந்ததாரர் வழியாகச் சேர்ந்தால் பல இடங்களில் எடுத்த ரீடிங்குக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக் கூலியாகக் கணக்கிடுகிறார்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகை, ஒரு மாதத்தில் முழு இலக்கையும் முடித்தவர் வாங்கக்கூடிய உச்சத் தொகையாக இருக்கலாம். பூட்டிய வீட்டுக்குக் கூலி உண்டா, நாய்க்குப் பயந்து வாசலிலேயே திரும்பினால் மறுநாள் மீண்டும் போகும் நடைக்கு யார் பணம் தருவார்கள், மழைக்காலத்தில் நாட்கள் குறைந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்தத் தொகையில் தெரியாது.

எண்ணிக்கைக் கூலியில் ஊரின் அமைப்பே சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளத்து மீட்டர் அறையைத் திறந்தால், 40 வீடுகளின் மீட்டர்களும் ஒரே சுவரில் வரிசையாக இருக்கும். நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். வீடுகள் சிதறிக் கிடக்கும் பகுதியில் அதே 40 ரீடிங்குக்கு அரைநாள் அலைய வேண்டியிருக்கும், வண்டிக்கு எரிபொருளும் கைக்காசில் போகும். வாடகை மலிவாக இருக்கும் ஊரில் கூலியும் மெதுவாகச் சேர்வதற்கும், நெருக்கமான நகரத்தில் கூலி வேகமாகச் சேர்ந்து வாடகையில் கரைவதற்கும் காரணம் இதுதான். தங்கள் மகன் சேரப்போகும் நகரம் பெரியதா சிறியதா என்று கேட்பதைவிட, அவருக்கு ஒதுக்கப்படும் பகுதி அடுக்குமாடிகளா தனி வீடுகளா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இது படிப்பைப் பயன்படுத்தாத வேலை, கண்ணில் பட்ட எண்ணை எழுதுவதுதானே என்று தாங்கள் வருந்தியிருந்தீர்கள். அப்படி முழுவதும் தள்ளிவிட முடியாது. பழைய முள் மீட்டர்களில் கடிகாரம் போன்ற நான்கைந்து வட்டங்கள் இருக்கும். அடுத்தடுத்த வட்டங்களின் முட்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும். முள் இரண்டு எண்களுக்கு நடுவில் நின்றால், கடந்து வந்த சிறிய எண்ணையே எடுக்க வேண்டும். 9-க்கும் 0-க்கும் நடுவில் நின்றால் 9. முள் சரியாக 6-இன் மேல் நிற்பதுபோல் தோன்றினால், வலப்பக்கத்து வட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கே முள் இன்னும் 0-ஐத் தாண்டவில்லை என்றால் இங்கே எண் 5-தான், 6 அன்று. ஆயிரம் இடத்து வட்டத்தில் இந்த ஒன்று தவறினால் ஒரு வீட்டின் கணக்கில் 1,000 யூனிட் கூடிவிடும். முத்திரை உடைந்திருக்கிறதா, ஒயர் மாற்றி இணைக்கப்பட்டிருக்கிறதா, மின்சாரம் ஓடியும் மீட்டர் நிற்கிறதா என்று கவனிப்பதும் இதே ஆளின் கண்தான். மின்னியல் படித்தவருக்கு இவை வெறும் பழக்கமாக நின்றுவிடாமல், மீட்டர் சோதனைப் பிரிவுக்கும் பொருத்தும் பிரிவுக்கும் போகும் வழியாக அமையும்.

அந்த வழியை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நடந்து போய் ரீடிங் எடுக்கும் வேலை உலகெங்கும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. இத்தாலியில் எனல் என்ற மின்சார நிறுவனம் 2001-இல் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே ஏறக்குறைய 3 கோடி வீடுகளின் மீட்டர்களைத் தொலைவிலிருந்தே படிக்கும்படி மாற்றியது. சுவீடன், 2009 ஜூலை முதல் மாதந்தோறும் உண்மையான ரீடிங் எடுத்தாக வேண்டும் என்று சட்டமாக்கியபோது, ஆளை அனுப்பி அதைச் செய்ய முடியாது என்பதால் ரீடிங்கைத் தானே தொலைவுக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டருக்கு நாடு முழுவதும் மாறியது. இந்தியாவில் 2021-இல் ஒப்புதல் பெற்ற மின் வினியோகச் சீர்திருத்தத் திட்டம் 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களை இலக்காக வைத்தது. தண்ணீர் மீட்டர்களில் மாற்றம் பல இடங்களில் மின்சாரத்தைவிட மெதுவாக நடக்கிறது. ஆகவே இந்த வேலை நாளைக்கே போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். ஆனால் 22 வயதில் இதில் சேரும் ஒருவர், ஓய்வு பெறும் வரை இதே பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று கணக்கிட்டுவிடவும் கூடாது.

இந்தக் காரணத்தால்தான், மாதம் 1,000 கூடக் கொடுக்கும் இடத்தைவிட ஸ்மார்ட் மீட்டர் பொருத்தும் பணியையும் பழுது பார்ப்பதையும் கற்றுத்தரும் இடத்தை நான் உயர்வாக மதிப்பேன். ரீடிங் எடுப்பவரின் தேவை குறையும் அதே ஆண்டுகளில், அந்த மீட்டர்களைப் பொருத்தவும், தொடர்பு அறுந்தால் சரி செய்யவும், வரும் தரவில் பிழை கண்டுபிடிக்கவும் ஆட்கள் வேண்டியிருக்கும். பட்டயம் வைத்திருக்கும் தங்கள் மகனுக்கு அந்த இடம் இயல்பாகப் பொருந்தும்.

பிடித்தங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வைப்பு நிதிக்குப் பிடிப்பது கைக்கு வரும் தொகையைக் குறைத்தாலும் அது அவருடைய சேமிப்பு. அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். வண்டி, எரிபொருள், செருப்பு, கைப்பேசி டேட்டா ஆகியவற்றைத் தொழிலாளியே போட்டுக்கொள்ள வேண்டும் என்றால், அதைச் சம்பளத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் மேலே சொன்ன கணக்கைத் தொடங்க வேண்டும். விபத்துக் காப்பீடு இல்லாத ஒப்பந்தத்தை, தொகை எவ்வளவாக இருந்தாலும் ஏற்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நாள் முழுவதும் வெயிலிலும் சாலையிலும் மின்பெட்டிகளுக்கு அருகிலும் இருக்கும் வேலை இது.

தங்கள் மகனின் இப்போதைய நிலையில், பெருநகர வேலை மாதச் சம்பளமாக இருந்து, பயணப்படியும் காப்பீடும் எழுத்தில் இருந்து, அறையைப் பகிர்ந்துகொள்ள நல்ல துணையும் கிடைத்தால், 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு அங்கே போவதையே நான் பரிந்துரைப்பேன். அது எண்ணிக்கைக் கூலி என்று தெரியவந்தால் வீட்டுக்கு அருகிலுள்ள வேலையே மேல். மாலை நேரங்களில் ஸ்மார்ட் மீட்டர் பயிற்சிக்குச் செல்லவும் அவருக்கு நேரம் கிடைக்கும். மகனை விட்டுப் பிரியும் கவலை தங்கள் எழுத்தில் தெரிந்தது. அது இயல்பானது, அதையும் ஒரு காரணமாக வெளிப்படையாகப் பேசுங்கள், சம்பளக் கணக்குக்குள் ஒளித்துவைக்க வேண்டாம்.

இந்த வாரத்துக்குள் அவரே இரண்டு இடங்களுக்கும் எழுதி, மாதச் சம்பளமா எண்ணிக்கைக் கூலியா, ஒதுக்கப்படும் பகுதி எது, வண்டிச் செலவு யாருடையது, காப்பீடு உண்டா என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்கட்டும். முடிந்தால் ஏற்கெனவே அங்கே பணியில் இருக்கும் ஒருவரின் மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் பார்த்து வரட்டும். பதில்கள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். கையெழுத்திடும் நாளுக்கு முன்பே அவரையும் உடன் வைத்துக்கொண்டு உண்மையான எண்களில் கணக்கைப் போட்டுவிடலாம்.