பொலிஸ்காரரின் மகன்

கேள்வி: என் கணவர் பொலிஸ் சார்ஜன்ட். கிளிநொச்சிப் பக்கம் வேலை. போன மாதம் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்றைப் பிடித்தார். அது, ஏழாம் தரத்தில் படிக்கும் எங்கள் மகனின் உயிர்த் தோழனுடைய தகப்பனின் வாகனம். அன்றிலிருந்து அந்தப் பையன் முகம் கொடுப்பதில்லை. மற்றப் பிள்ளைகளும் விளையாடச் சேர்ப்பதில்லை. மகன் வீட்டில் வாய் திறப்பதே இல்லை. வேறு மாவட்டத்துக்கு இடமாற்றம் கேட்போமா?
- ஒரு தாய்

பதில்: இடமாற்றம் வேண்டாம், தங்கச்சி. நானும் பொலிஸ்காரரின் மகள்தான். அப்பாவோடு அலைந்து நான்கு பள்ளிக்கூடம் மாறினேன். ‘பொலிஸ்காரரின் பிள்ளை’ என்ற பெயர் எனக்கு முன்பே போய் வாங்கில் உட்கார்ந்திருக்கும்.

1974இல் அப்பா வவுனியாப் பக்கத்தில் கான்ஸ்டபிள். ஓர் இரவு முதிரைக் குற்றிகள் ஏற்றிய வண்டில் ஒன்றை மறித்தார். அது என் பக்கத்தில் இருந்து படித்தவளின் தகப்பனுடையது. பாலைப்பழக் காலத்தில் அவள் தாமரை இலையில் பொதிந்து பழம் கொண்டுவருவாள். தின்னத் தின்ன உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பேச முடியாமல் சிரிப்போம். அந்த வருடமும் பழம் வந்தது. அவள் வாங்கின் மறு நுனிக்குப் போய், திரும்பியிருந்து தின்றாள்.

ஒரு கிழமை நான் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாலை, அப்பா திண்ணையில் இருந்து பெல்ட்டின் பித்தளையை பிராசோ போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். கையை நிறுத்தினார். “அவருடைய பிள்ளை உன் சிநேகிதி என்று தெரியும். தெரிந்துதான் மறித்தேன். நீ என்னோடு கோபிக்கலாம்” என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

உங்கள் மகனோடும் தகப்பனே பேச வேண்டும்; சீருடையைக் கழற்றிவிட்டு, கிணற்றடியிலோ வயல் வரம்பிலோ. வாகனத்தை நீதவான் நீதிமன்றத்தில் ஒப்படைப்பதோடு பொலிஸின் வேலை முடிகிறது, தண்டமும் விடுவிப்பும் நீதவானின் கையில் என்று விளக்கட்டும். கனகராயன் ஆற்றின் கரை எப்படி இடிந்து போகிறது என்று கூட்டிப்போய்க் காட்டட்டும். அதே மூச்சில் மற்றதையும் சொல்ல வேண்டும்: அந்த உழவு இயந்திரத்துக்கு லீசிங் கட்ட வேண்டியிருக்கலாம், அது நிற்கும் நாளெல்லாம் அந்த வீட்டில் உழைப்பு இல்லை. தோழனின் கோபம் அங்கிருந்துதான் வருகிறது. அதைப் பகை என்று மகன் எண்ணிவிடக் கூடாது.

ஊரையும் நோகாதீர்கள். 1987இல் தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. அதற்குப் பிறகும், தாங்கள் சொன்ன முறைப்பாட்டைப் பொலிஸார் சிங்களத்தில் எழுத, அதை வாசிக்கத் தெரியாமலே கையெழுத்து வைத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். காக்கியைக் கண்டால் ஒதுங்குவது அவர்கள் பட்டுப் படித்தது. உங்கள் மகன் அதைச் சுமக்க நேர்வதுதான் என்னை வருத்துகிறது.

உங்கள் கணவர் பாடசாலைக்குப் போய் அதிபரோடு பேச வேண்டாம். சீருடையில் போகவே வேண்டாம். வழக்கைப் பற்றி யாராவது கேட்டால், “அது அப்பாவின் வேலை, எனக்குத் தெரியாது” என்று மகன் சொல்லட்டும். தோழனின் வீட்டுக்குப் போக விரும்பினால் மறிக்காதீர்கள். நான் போனேன். சிநேகிதியின் தாய் ஒன்றும் பேசவில்லை. செம்பில் தண்ணீர் தந்தார். அவள் அடுத்த நாளும் வாங்கின் மறு நுனியில்தான் இருந்தாள். ஆனால் புத்தகப் பையை நடுவில் வைத்திருந்தாள்.

தகப்பனும் மகனும் பேசிய பிறகு எனக்கு எழுதுங்கள்.