மூன்று வேலைகளையும் எழுதுங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. ஆறு வருடம் நாளிதழில் தொழில்நுட்பச் செய்தியாளராக இருந்தேன். பிறகு நான்கு வருடம் பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மார்க்கெட்டிங் வேலை. இப்போது செவ்வாய்ப்பேட்டை வீட்டிலிருந்தே எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் மேடையேறி காமெடி செய்கிறேன். ஒரு பத்திரிகையில் தொழில்நுட்பப் பகுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பத்தில் மார்க்கெட்டிங்கையும் காமெடியையும் விட்டுவிடலாமா? கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அப்பா, "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு எத்தனை நாளைக்கும்மா?" என்கிறார்.

– வாசகி, சேலம்

பதில்:

அன்புச் சகோதரி, விட்டுவிடாதீர்கள். நான்கு வருடம் காணாமல் போனால் ஆசிரியர் முதலில் கேட்பதே அதைத்தான்.

விளம்பரத்தில் 'இரண்டு நாள் வரை சார்ஜ் நிற்கும்' என்று போடுகிறார்கள். அந்த 'வரை' ஏன் வந்தது என்பது அப்படி எழுதிப் பழகியவருக்குச் சட்டென்று பிடிபடும். 5,000 எம்ஏஎச் பேட்டரி என்றால் எந்த வெளிச்சத்தில், எந்த சிக்னலில் சோதித்தீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். ஏற்காடு மலைப்பாதையில் சிக்னல் குறைந்து, போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜ் கரைவதை நம் ஊர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தக் கேள்விதான். மேடையும் உதவும். புரியாத வார்த்தை ஒன்று விழுந்ததும் முன்வரிசை முகங்கள் வாடுவதை அங்கேதான் நேரில் பார்க்க முடியும்.

எஸ்.எஸ். வாசன் விளம்பரத் தொழிலிலிருந்து வந்து 1928-ல் ஆனந்த விகடனை வாங்கினார். நகைச்சுவையால் அதை வீடுவீடாகக் கொண்டுபோனார், பிறகு ஜெமினி ஸ்டுடியோவையும் நடத்தினார். ஏற்காடு ரோட்டில் வளைவு மட்டும் மிஞ்சியிருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவை 1935-ல் தொடங்கிய டி.ஆர். சுந்தரம், இங்கிலாந்து போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். சம்பளம் வாங்கிய கம்பெனியைப் பற்றியோ அதன் நேரடிப் போட்டியாளரைப் பற்றியோ சில வருடங்களுக்காவது எழுதாதீர்கள். அந்தக் கம்பெனியின் பங்குகள் இன்னும் கையில் இருந்தால் நேர்முகத்திலேயே சொல்லிவிடுங்கள். பக்கவேலையாக விளம்பர வாசகம் எழுதித் தருவதை நிறுத்திவிடுங்கள்; இரண்டு பக்கமும் காசு வாங்கும் பேனாவை வாசகர் மன்னிப்பதில்லை, மன்னிக்கவும் கூடாது. பணம் வாங்கிப் போடும் பதிவை விளம்பரம் என்று சொல்லியே போட வேண்டும் என சமூக ஊடகப் பிரபலங்களுக்கே விளம்பரத் தரக் கவுன்சில் 2021-ல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. செய்தியாளர் அதைவிடக் கறாராக இருக்க வேண்டாமா? பெயர் வெளியிடக் கூடாது என்று நம்பி ஒருவர் சொன்னதை மேடையில் சிரிப்புக்காக எடுத்துவிடாதீர்கள், பெயரை மாற்றிக்கூட. சின்ன வட்டம் அது, கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், அவருக்குப் புரியும். வியாபாரி கொடுத்த வெள்ளியை எடை போட்டு வாங்கி, கொலுசாக்கி, சேதாரக் கணக்கோடு எடை போட்டே திருப்பிக் கொடுக்கும் தொழில் அவருடையது.

விண்ணப்பத்தோடு பழைய செய்திக் கட்டுரை ஒன்று, உங்கள் கட்டுரையில் நீங்களே கண்டுபிடித்துத் திருத்திய பிழை ஒன்று, மேடையில் தொழில்நுட்பம் பேசிய இரண்டு நிமிட வீடியோ ஆகியவற்றை அனுப்புங்கள். மார்க்கெட்டிங் வருடங்களுக்கு இரண்டு வரி போதும்.

அப்பாவின் கவலை உங்கள் மூன்று வேலைகளைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை. மாதம் எவ்வளவு வருகிறது என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். பி.எஃப். கணக்கில் இருப்பதையும், வேலையில்லாமல் எத்தனை மாதம் சமாளிக்க முடியும் என்பதையும் ஒரு தாளில் எழுதி, பட்டறை மூடியதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள்.